ஜவ்வு கூட, புண் ஆற, வயிறு தேற: பெப்டைடை எங்கே எடுப்பது, எங்கே விடுவது

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஒருவருக்குக் கால் ஒடிந்தாலோ முட்டி ஜவ்வு கிழிந்தாலோ, பார்க்க வருகிறவர்கள் பழப்பையை வைத்த கையோடு "ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுங்க" என்பார்கள். அதே ஆள் ஆறு வாரம் கழித்து ஜிம்முக்குப் போனால் அங்கே வேறு யோசனை கிடைக்கும்: "பெப்டைடு ஊசி போடு, ரெண்டே வாரம்." இரண்டு பேரும் சொல்வது புரதத்தின் செங்கலான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகளைப் பற்றித்தான். சூப்பை எப்படி வைத்தால் பலன், டப்பாவில் வரும் கொலாஜன் பொடியை எப்படிப் பார்த்து வாங்குவது, டாக்டர் எழுதித் தரும் ஜெல்லை எப்படிப் போடுவது, ஊசிக் குப்பியை ஏன் தொடக்கூடாது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் சங்கதி என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு முதல் ஐம்பது வரை அமினோ அமிலங்கள் கோத்திருந்தால் அதைப் பெப்டைடு என்பார்கள். அதற்கு மேல் நீண்டால் புரதம். எல்லை அவ்வளவு கறாரானதில்லை. 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலினையும் பெப்டைடு என்றே பலரும் சொல்வார்கள். தோல், ஜவ்வு, குருத்தெலும்பு, எலும்பு எல்லாவற்றுக்கும் கம்பி கட்டுவது கொலாஜன். மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். தண்ணீரில் வெகுநேரம் வேக வைத்தால் முறுக்கு பிரிந்து ஜெலட்டின் ஆகும். அதை நொதி போட்டுத் துண்டு துண்டாக வெட்டினால் கொலாஜன் பெப்டைடு. டப்பாவில் விற்பது இதைத்தான்.

எதைக் குடித்தாலும் வயிறும் கணையநீரும் அதை மேலும் வெட்டும். பெரும்பகுதி ஒற்றை அமினோ அமிலமாகவும், இரண்டு மூன்று கோத்த சிறு துண்டுகளாகவும்தான் குடல் சுவரைத் தாண்டும். கொலாஜன் சாப்பிட்ட பிறகு புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் சேர்ந்த துண்டு இரத்தத்தில் தென்படுவது உண்மை. ஆனால் ஆட்டின் முட்டி ஜவ்வு நேரே போய் உங்கள் முட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாற்றம். நீங்கள் கொடுப்பது செங்கல். கொத்தனாரும் சிமெண்டும் வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

சூப்பு வைக்கும் முறை

நான்கு கால், முக்கால் கிலோ சுமார். கடையிலேயே வாட்டி வாங்குங்கள். முடி கருகியிருக்க வேண்டும், தோல் இருக்க வேண்டும். சிலர் தோலையும் உரித்துவிட்டு வெறும் எலும்பை வாங்கிப் போவார்கள். ஜெலட்டின் தோலிலும் நரம்பிலும் மூட்டிலும்தான் அதிகம், அதை உரித்துவிட்டால் மிச்சம் இருப்பது வாசனைதான். குளம்பைக் கழற்றி, கத்தியால் சுரண்டி, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மூட்டில் இரண்டாக வெட்டினால் போதும். பொடியாக வெட்டினால் எலும்புச் சில்லு தொண்டையில் குத்தும்.

கழுவிய காலைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்து பத்து நிமிடத்தில் சாம்பல் நிற நுரை கட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கவிச்சை போவதற்கு மட்டுமல்ல. நுரையோடு குக்கரை மூடினால் அது வெயிட் ஓட்டைக்குள் ஏறி அடைக்கும்.

ஐந்து லிட்டர் குக்கரில் காலைப் போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி சின்ன உள்ளி, பத்துப் பல் பூண்டு, ஒரு விரல் இஞ்சி, அரை ஸ்பூன் மஞ்சள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 50 முதல் 60 நிமிடம். திறந்த பாத்திரமானால் சின்னத் தீயில் நான்கைந்து மணி நேரம், தண்ணீர் வற்ற வற்றச் சுடுதண்ணீர் விட்டுக்கொண்டே. நல்லமிளகும் சீரகமும் இடித்துக் கடைசியில் சேர்ப்பது நல்லது. கூடவே வேகவிட்டால் மிளகு கசக்கும்.

வெந்ததற்கு அடையாளம்: கணுவில் விரலால் அழுத்தினால் தோல் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு எலும்பை விட்டு நழுவும். வடிகட்டிய சூப்பு விரலுக்கிடையில் பிசுபிசுக்கும்.

உண்மையான பரீட்சை ஃபிரிட்ஜில். வடித்த சூப்பில் ஒரு கிண்ணம் எடுத்து ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். காலையில் மேலே வெள்ளைக் கொழுப்புத் தட்டும், அடியில் ஜெல்லியும் இருக்க வேண்டும். கிண்ணத்தைத் தட்டினால் தளதளவென்று ஆடுகிற பதத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஜெலட்டின் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 200 மில்லிக்கு 4 முதல் 6 கிராம். கத்தியால் வெட்டித் துண்டு எடுக்கிற அளவு இறுகியிருந்தால் அதைவிடக் கூடுதல். இது கைக்கணக்குதான், ஆய்வகக் கணக்கில்லை.

இறுகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் அதிகம். மூன்று லிட்டர் ஊற்றி நான்கு கால் போட்டால் ஜெல்லி வராது. வெறும் தொடை எலும்பு போட்டாலும் வராது, மஜ்ஜையும் கொழுப்பும்தான் இறங்கும். இன்னொரு காரணமும் உண்டு, பலருக்குத் தெரியாது: குக்கரில் மூன்று நான்கு மணி நேரம் போட்டுவிட்டால், அந்தச் சூட்டில் ஜெலட்டின் சங்கிலியே அறுந்து குட்டையாகிவிடும், கட்டும் தன்மை போய்விடும். அதனால் பலன் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டப்பாப் பொடி செய்கிறவர்கள் நொதி வைத்துச் செய்வதைச் சூடு அரைகுறையாகச் செய்திருக்கிறது. இறுகவில்லை, ஆனால் உதடு ஒட்டுகிறது என்றால் தாராளமாகக் குடிக்கலாம்.

வினிகர் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. இறங்குகிற அளவு மிகச் சொற்பம். கால்சியத்துக்கு நெத்தோலியை முள்ளோடு சாப்பிடுங்கள்.

சூப்பு கெட்டுப்போவது இந்தப் பகுதியின் புழுக்கத்தில் சர்வ சாதாரணம். ஜெலட்டினும் இறைச்சி ரசமும் கிருமிக்கு விருந்து. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கவே அதைத்தான் பயன்படுத்தினார்கள். பெரிய பானையோடு இரவு முழுக்க அடுப்படியில் வைத்துக் காலையில் சுட வைத்துக் குடிப்பது தவறு. மெதுவாக ஆறும் குழம்பில் பெருகும் ஒரு கிருமியின் விதைகள் கொதியிலும் சாகாது. வடித்தவுடன் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் இறக்கி வைத்துக் கிளறினால் அரை மணியில் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் போய்விட வேண்டும். மூன்று நாள் அங்கே தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டம்ளர் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில். கொழுப்புத் தட்டைக் குடிக்கும்வரை எடுக்க வேண்டாம், அது மூடி மாதிரி. குடிக்கும்போது எடுத்துவிடுங்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கட்டாயம்.

யாருக்கு ஆகாது: யூரிக் ஆசிட் ஏறிப் பெருவிரல் வீங்குகிறவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டுப் புரதம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள். கல்லடைப்பு வந்தவர்களும் யோசிக்க வேண்டும். கொலாஜனில் உள்ள ஹைட்ராக்சிபுரோலின் உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். சூப்புக்கும் பொடிக்கும் இது பொது.

செங்கல் மட்டும் போதாது

கொலாஜனில் டிரிப்டோபன் என்கிற அமினோ அமிலம் சுத்தமாகக் கிடையாது. ஆகவே சூப்பையும் பொடியையும் அன்றைய புரதக் கணக்கில் சேர்த்து, "இன்னைக்குப் புரதம் ஆச்சு" என்று முட்டையை நிறுத்துவது பெரிய தவறு. கணக்கை வேறாகப் போடுங்கள். சாதாரண நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். படுக்கைப்புண் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு 1.25 முதல் 1.5. பெரிய புண்ணோ அறுவை சிகிச்சையோ ஆகிறவர்களுக்கும் அதை ஒட்டித்தான் சொல்வார்கள். 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம்.

நம்ம பக்கச் சாப்பாட்டில் இது எட்டக்கூடியதுதான். காலை இரண்டு முட்டை 12. மத்தியானம் முள் நீக்கிய சாளை (மத்தி) 150 கிராம், 30 சுமார். சாயங்காலம் 50 கிராம் சிறுபயறு வேகவைத்துத் தேங்காய் போட்டது 11. இரண்டு டம்ளர் பால் 13. சோறும் கஞ்சியும் சேர்ந்து பத்துப் பதினைந்து. வந்துவிட்டது. சிக்கல் எங்கே வரும் என்றால் மீன் வராத நாளில். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்ததும் வத்தல் சம்மந்தியுமாக மத்தியானம் ஓடிவிடும். மரச்சீனியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு கிராம் புரதம்தான். மழைக்காலத் தடையில் கடல் மூடிக் கிடக்கிற வாரங்களில் புண் ஆறாமல் இழுக்கிறதே என்று கேட்கிறவர்கள் முதலில் தட்டைப் பார்க்கட்டும்.

அடுத்தது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் உடம்பால் கொலாஜன் இழையை முறுக்கிப் பூட்ட முடியாது. பழைய கப்பல்காரர்களுக்கு ஸ்கர்வி வந்து ஆறிய தழும்பே பிளந்துகொண்டது இதனால்தான். சூப்பில் எலுமிச்சை பிழிந்தால் ஆச்சு என்பார்கள். அரை எலுமிச்சையில் கிடைப்பது கொஞ்சம், அதையும் கொதிக்கும்போது பிழிந்தால் இன்னும் குறையும். ஒரு பெரிய நெல்லிக்காயைப் பச்சையாகக் கடித்துச் சாப்பிட்டாலோ, ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டாலோ அன்றைய தேவை தீர்ந்தது.

ஜவ்வுக்கும் தசைநாணுக்கும் நேரமும் முக்கியம். அங்கே இரத்த ஓட்டம் குறைவு. பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை இழுக்கிற மாதிரி, இழுத்துத் தளர்த்தும்போதுதான் சத்து உள்ளே போகும். 2017ல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 15 கிராம் ஜெலட்டினோடு வைட்டமின் சியும் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு குதிக்க வைத்தார்கள். கொலாஜன் உற்பத்தியைக் காட்டும் அடையாளம் இரத்தத்தில் கூடியது. பங்கேற்றவர்கள் எட்டே பேர், ஆரோக்கியமான ஆண்கள். ஆகவே இதைச் சட்டமாக எடுக்க வேண்டாம். ஆனால் பிசியோதெரபி செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு இறுகிய சூப்பு ஒரு பெரிய டம்ளரும் நெல்லிக்காயும் எடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பயிற்சியைச் செய்யாமல் கட்டிலில் கிடந்து சூப்பை மட்டும் குடித்தால் தொப்பைதான் மிச்சம். காயம் ஆறுவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதல் சில நாள் வீக்கம், பிறகு மூன்று வாரம் போலப் புது இழை, அதன்பின் ஒரு வருடம் வரை அந்த இழை முறுக்கேறும் காலம். தோல் தழும்பு மூன்று மாதத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பலத்துக்கு வரும். அதோடு நின்றுவிடும்.

டப்பாப் பொடி

மாட்டெலும்பு, மாட்டுத்தோல், மீன்தோல், மீன்செதில் இவற்றிலிருந்து எடுப்பது. இந்தத் தொழில் நமக்கு அடுத்த வீடான கேரளத்தில்தான் நடக்கிறது. நிட்டா ஜெலட்டின் இந்தியா என்ற கம்பெனி கொரட்டி பக்கம் காதிக்குடத்தில் எலும்பை அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவைக் கரைத்து, மிஞ்சும் கொலாஜனை (ஒசீன் என்பார்கள்) எடுக்கிறது, காக்கநாட்டில் ஜெலட்டின் ஆக்குகிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் கழிவிலிருந்து கொலாஜன் பெப்டைடு எடுக்கும் முறைகளில் வெகுநாளாக வேலை செய்கிறது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மூலப்பொருள் எது என்று லேபிளில் தேடிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். "சைவ கொலாஜன்" என்று ஒன்று விற்பார்கள். செடியில் கொலாஜன் கிடையாது. உள்ளே இருப்பது வைட்டமின் சியும் சில சாறுகளும். நெல்லிக்காய் மலிவு.

லேபிளில் பார்க்க வேண்டியது: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஹைட்ரலைஸ்டு (துண்டாக வெட்டியது) என்ற சொல், 10 கிராம் பொடிக்கு 9 கிராம் போலப் புரதம். புரதம் 5, 6 என்று இருந்தால் மீதி சர்க்கரையும் மணமும்தான், பணம் அதற்குப் போகிறது. வீட்டில் ஒரு பரீட்சை: ஒரு ஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். பெப்டைடு கரையும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் தண்ணீராகவே இருக்கும். உப்பிக் கட்டியாகி, சுடுதண்ணீரில் கரைந்து, குளிரில் இறுகினால் அது ஜெலட்டின். அதற்கு அந்த விலை கொடுத்திருக்க வேண்டாம். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். டீயில் கலந்தாலும் கெடாது. மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

வயிற்றுக்கு

குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. தானே இவ்வளவு வேகமாகக் கட்டிக்கொள்கிற இடம் ஆறாமல் கிடக்கிறது என்றால், யாரோ தினமும் இடிக்கிறார்கள் என்று பொருள். இடிக்கிறவனைப் பிடிக்காமல் சூப்பு ஊற்றிப் பயனில்லை.

இரைப்பைப் புண்ணுக்கு இரண்டு பெரிய குற்றவாளிகள். ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல் நோபல் கொடுத்தார்கள். மூச்சுச் சோதனையிலோ மலச் சோதனையிலோ தெரியும். சோதனைக்குப் போகும்போது அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள், இரத்தக் கசிவு உள்ளவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது. இரண்டாவது குற்றவாளி வலி மாத்திரை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக். முட்டி ஜவ்வுக்காக அதை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, வயிறு எரிகிறதே என்று கொலாஜன் வாங்குகிறவர்கள் நிறைய.

குடல் சுவர் ஒழுகுகிறது, அதைக் கொலாஜன் அடைக்கும் என்ற விளம்பரத்துக்கு மனிதரில் ஆதாரம் பலவீனம். சிறுகுடலின் உள்தோலுக்கு முக்கிய எரிபொருள் குளூட்டமின், அது முட்டை, மீன், பயறு எல்லாவற்றிலும் உண்டு. பெருங்குடலுக்கு வேண்டியது பியூட்டிரேட். நாம் செரிக்காமல் விட்ட மாவையும் நாரையும் அங்குள்ள கிருமிகள் புளிக்க வைத்துத் தயாரிப்பது. இதற்குப் பழஞ்சோறும் ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) போதும். சோற்றை ஆறவைத்தால் அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறும். ஆறிய சம்பா அரிசிச் சோற்றில் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் நம் வெக்கையில் நாறும். காலையில் தயிர், சின்ன உள்ளி. பச்சை ஏத்தங்காய் அவித்து ஆறவைத்ததை வாரத்தில் மூன்று நாள். ஒரேயடியாக அதிகம் எடுத்தால் வயிறு உப்பும், கால் காயிலிருந்து ஆரம்பியுங்கள். புண் உள்ள வயிற்றுக்குச் சூப்பு வைத்தால் மிளகைக் கால் பங்காக்குங்கள். ஆடி மாதத்துச் சூப்பு மாதிரி மூக்கில் தண்ணீர் வர மிளகு போட்டுக் கொடுத்தால் வயிறு சபிக்கும்.

மலம் தார் மாதிரி கருத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காரணமில்லாமல் எடை குறைந்தாலும், சோறு தொண்டையில் நின்றாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வேண்டாம்.

டாக்டர் எழுதித் தரும் பெப்டைடுகள்

இவை உண்மையில் இருக்கின்றன, ஆனால் குறிப்பிட்ட நோய்க்கு மட்டும். குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு டெடுகுளூடைடு, நாள்பட்ட மலச்சிக்கலுக்கு லினாகுளோடைடு. சாதாரண வயிற்றெரிச்சலுக்கு இரண்டும் இல்லை.

நம் பக்கம் அதிகம் பார்ப்பது சர்க்கரைக் கால் புண்ணில் போடும் பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி ஜெல். கறாராகச் சொன்னால் இது நீண்ட சங்கிலி, புரதம். ஜெல்லை 1.5 மில்லிமீட்டர் போல மெல்லியதாகத் தடவி, சலைன் உப்புத் தண்ணீரில் நனைத்த காஸ் வைத்து 12 மணி நேரம். பிறகு கழுவி, ஜெல் இல்லாமல் ஈர காஸ் மட்டும் அடுத்த 12 மணி நேரம். அப்பிப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்பது இல்லை, பணம்தான் ஆறும். செத்த தோலை டாக்டர் வெட்டி எடுத்த சுத்தமான புண்ணில்தான் வேலை செய்யும். சீழ் உள்ள புண்ணிலும் அந்த இடத்தில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கூடாது. பத்து வாரத்தில் புண் மூன்றில் ஒரு பங்காவது சுருங்கவில்லையென்றால் வைத்தியத்தையே மறுபடி பார்க்க வேண்டும். புண்ணின் மேல் மிதித்து நடந்துகொண்டே ஜெல் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. பாரம் விழாத செருப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு இரண்டும் ஜெல்லுக்கு முன்.

2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள் இது. திருவனந்தபுரத்தில் வாங்கிப் பஸ்ஸில் மார்த்தாண்டம் வருகிறவர்கள், சின்னத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, ஜெல்லை அதற்கு ஒட்டாமல் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸோடு ஒட்டி உறைந்தாலும் கெட்டது, சீட்டுக்கு மேல் பையில் வெந்தாலும் கெட்டது.

ஊசிக் குப்பி

ஜிம்மில் சொல்லும் ஊசிகளில் ஒன்றான பி.பி.சி-157 என்பது 15 அமினோ அமிலச் சங்கிலி. குரோஷியாவின் சாக்ரெப் நகரத்து ஆய்வாளர்கள் இரைப்பை நீர்ப் புரதம் ஒன்றிலிருந்து கொண்டுவந்தது. எலியில் தசைநாண், குடல் புண் எல்லாம் ஆறியதாகக் கட்டுரைகள் ஏராளம். மனிதரில் செய்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு ஆய்வுகள். டி.பி-500 என்ற இன்னொரு ஊசிப் பெப்டைடின் கதையும் அப்படித்தான். இரண்டும் விளையாட்டு வீரர்களுக்குத் தடை, பி.பி.சி-157 உலக ஊக்கமருந்துத் தடுப்புப் பட்டியலில் 2022ல் ஏறியது. கபடியிலோ தடகளத்திலோ மாநில அளவில் ஆடுகிறவர் ஒரு ஊசியில் வருடக்கணக்கான வாய்ப்பை இழக்கலாம்.

ஆன்லைனில் வரும் குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உபயோகத்துக்கு அல்ல" என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் குத்திக்கொள்கிறார்கள். உள்ளே எழுதிய அளவு இருக்கிறதா, கிருமி நச்சு இல்லாமல் செய்தார்களா என்பதற்குச் சாட்சி இல்லை. இது புது இரத்தக் குழாய்களை வளர்க்கிறது என்பதுதான் விளம்பரமே. கண்டுபிடிக்காத கட்டி ஒன்று உடம்பில் இருந்தால் அதற்கும் அதே உபசாரம் கிடைக்குமோ என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. பொடியைக் கரைக்கும் கணக்கிலும் தப்பு வருகிறது. இன்சுலின் ஊசியில் இருக்கும் 100 கோடு என்பது ஒரு மில்லி. அதை மில்லிகிராம் என்று படித்தால் பத்து மடங்கு, நூறு மடங்கு மாறும். அதனால்தான் கரைக்கும் முறையும் அளவும் இங்கே எழுதவில்லை.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் நிறுத்தினால் போதும். குத்திய இடம் சிவந்து சுட்டாலோ, கட்டி வந்தாலோ, குளிர்காய்ச்சல் அடித்தாலோ வர்ம எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள், சீழ் பரவும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, போகும்போது குப்பியையும் கலந்த தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேட்பதற்கு முன்பே எத்தனை நாள், எந்த இடத்தில், யாருடைய ஊசியைப் பகிர்ந்து போட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். பகிர்ந்திருந்தால் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. சோதனையும் அப்போதே எழுதுவார்கள்.